மேலே ஏறிய பொறி

கரிமூஞ்சியைக் கிளப்ப மூன்று தடவை நாள் குறித்து, மூன்று தடவையும் கைவிட்டிருந்தார்கள். முதல் தடவை மழை மேகம். இரண்டாவது தடவை எரிபொருள் குழாயில் கசிவு. மூன்றாவது தடவை ஹார்லன் ப்ரூயிட்.

கரிமூஞ்சி என்பது ஒரு பூஸ்டர், அதாவது ராக்கெட்டின் கீழ்ப்பாதி. மேற்பாதியை உயரத்தில் தள்ளிவிட்டுவிட்டுத் தானாகத் திரும்பி வந்து, காலை விரித்துக் கேப் கனாவெரல் தரையில் நின்றுகொள்ளும். கம்பெனி அதற்கு ஓர் எண்ணைத்தான் கொடுத்திருந்தது. கடற்கரையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு எண் போதவில்லை. போய்ப் போய் வந்ததில் உடம்பெல்லாம் புகைக்கரி அப்பி, ஒரு பக்கம் மட்டும் கையகல வெள்ளை மிச்சமிருந்தது. அந்த வெள்ளைத் திட்டை வைத்தே, லாரியில் கிடத்திக் கொண்டுபோனாலும் தூரத்திலிருந்தே 'அதோ நம்ம ஆளு' என்று சொல்லிவிடுவார்கள். இதுதான் அதன் கடைசிப் பயணம், இதற்குமேல் கண்காட்சிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. அதற்காக ஒஹையோவிலிருந்தும் மினசோட்டாவிலிருந்தும் லீவு போட்டு வந்தவர்கள் ஜெட்டி பார்க் கரை முழுக்கக் கேமரா முக்காலியும் தொலைநோக்கியுமாக நிரம்பியிருந்தார்கள்.

க்வென் டிஸ்டேல் உள்ளூர்க்காரி. ஐம்பத்து நான்கு வயது. காலையில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை, ராக்கெட் நாள்களில் 'படகு மேசை'. இரண்டாவது மேசை லைல் பிரன்சனுடையது. முப்பது வயது லைல் ஒவ்வொரு ராக்கெட்டையும் இணையத்தில் நேரலையாகக் காட்டி அதிலேயே பிழைப்பவன். ராக்கெட் கிளம்புவதற்கு முன் கடலில் ஒரு பெரிய பரப்பை மூடிவிடுவார்கள். அதற்குள் ஒரு படகு நுழைந்தாலும் கிளம்புவதற்கான இறங்குமுக எண்ணிக்கை நின்றுவிடும். பெரும்பாலான படகுகளில் தன் பெயரையும் இடத்தையும் தானே அறிவித்துக்கொண்டிருக்கும் ஒரு கருவி உண்டு. யார் வேண்டுமானாலும் கணினியில் அந்தப் படகுகளைப் புள்ளிகளாகப் பார்க்கலாம். க்வென் அந்தப் புள்ளிகளைப் பார்த்து, எது எங்கே போகிறது, எது எல்லையை உரசுகிறது என்று நேரலையில் சொல்லுவாள். பார்க்கிறவர்கள் அவளுக்குப் 'படகம்மா' என்று பேர் வைத்திருந்தார்கள். புருஷன் அட்லாண்டாவுக்குப் போய் வேறு குடித்தனம் வைத்துக்கொண்ட பிறகு அவளை யாரும் பேர் வைத்துக் கூப்பிட்டதில்லை. அந்தப் பேர் அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. லைல் பழைய சாமான் கடையில் ஒரு துருப்பிடித்த நங்கூரத்தை வாங்கித் தங்கக் கலர் அடித்து வைத்திருந்தான். எந்தப் படகு எல்லைக்குள் புகுந்து ராக்கெட்டை நிறுத்துகிறதோ, அதன் பெயரை நேரலையிலேயே அந்த நங்கூரத்தில் எழுதுவார்கள். கைதட்டல், கேலி, அதை வைத்து டி-ஷர்ட். போன மாதம் எழுதப்பட்ட பெயர் 'பொறுமைசாலி டோரீன்'. சுற்றுலாக்காரர்களை மீன் பிடிக்கக் கூட்டிப்போகும் ஹார்லன் ப்ரூயிட்டின் படகு அது. வாடிக்கையாளர் ஒருவரின் தூண்டிலில் பெரிய மீன் மாட்டிக்கொண்டு இழுத்ததில் எல்லைக்குள் அரை மைல் போய்விட்டான். லைலின் தொலைநோக்கிக் கேமராவில் படகின் பக்கவாட்டில் எழுதியிருந்த போன் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. அன்று சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் கூப்பிட்டுத் திட்டினார்கள். படகில் ஏறியே இராதவர்கள் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு, இவனை நம்பி ஏறாதீர்கள் என்று எழுதினார்கள். கம்பெனி வெளியிட்ட அறிவிப்பின் இரண்டாவது வரியில், மேலே காற்றும் சரியில்லை, எப்படியும் ஒத்திப்போட வேண்டியிருந்திருக்கும் என்று இருந்தது. இரண்டாவது வரியை யாரும் படிக்கவில்லை. க்வென் படித்தாள். ஆனால் அதற்குள் பெயின்ட் காய்ந்துவிட்டது.

ஜனவரி மாதம். வெயில் சரிந்து, கடற்காற்று சில்லென்று வீச ஆரம்பித்திருந்தது. லைல் ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது மேசைக்கு முன்னால் ஒருத்தி வந்து நின்றாள். அறுபது வயதிருக்கும். மீன் வறுவல் கடையின் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"நீதானே படகம்மா?"

"ஆமாங்க. டி-ஷர்ட் வேணும்னா அங்க, லைல்கிட்ட..."

"எது, என் பேர் போட்டதா?"

க்வென் நிமிர்ந்து பார்த்தாள்.

"டோரீன் ப்ரூயிட். பொறுமைசாலி டோரீன். நங்கூரத்துல எழுதி வச்சிருக்கீங்களே, அவதான்." அவள் கையை ஆட்டித் தடுத்தாள். "பயப்படாத, திட்ட வரல. திட்டணும்னா போன மாசமே வந்திருப்பேன். என் வீட்டுக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்திருக்கணும். இன்னும் வரல. உன் பொட்டியில தெரியறாரா பாரு."

க்வென் திரையைத் தேய்த்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். கப்பல்கள், இரண்டு இழுவைப் படகுகள், வடக்கே எல்லையைக் காவல் காக்கும் ரோந்துப் படகுகள். ஹார்லனின் புள்ளி எங்கும் இல்லை. கடைசியாக அது தெரிந்தது காலையில், துறைமுக வாய்க்காலின் முனையில்.

"கருவியை அணைச்சு வச்சிருக்கார்."

"அணைக்காம? இப்பல்லாம் வாய்க்காலைத் தாண்டினதும் முதல் வேலை அதுதான். 'நான் எங்க இருக்கேன்னு அந்த நாற்காலிக் கூட்டத்துக்குத் தெரிய வேணாம்'னு. உங்க எல்லைக்கோட்டுப் பக்கமே போக வேணாம்னு எங்கேயோ சுத்திக்கிட்டுப் போறாரு. எங்கேன்னு எனக்கே சொல்றதில்ல."

"கூட யாரு இருக்காங்க?"

"யாரு இருப்பா? ஆள் ஏறினாத்தானே கூலிக்கு ஒருத்தனை வைக்க முடியும்? தனியாப் போயி மீனைப் பிடிச்சுக் கடைக்குப் போடறாரு."

"ரேடியோ?"

"படகுத்துறையில இருந்து கூப்பிட்டாங்க. பதில் இல்ல. 'ஹார்லன் ரேடியோவையும் மூடிட்டான், இனிமே படகுக்கு வேற பேர் வச்சுக்கிட்டுத்தான் வருவான்'னு சிரிக்கறானுங்க." அவள் சிரிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள். "கடலோரக் காவல்படைக்கு போன் பண்ணலாமான்னு கையில எடுத்தேன். வச்சுட்டேன். பண்ணினா இதை நிறுத்திடுவாங்கதானே?"

"நிறுத்துவாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"நிறுத்தி வச்சு, இவரு பாட்டுக்கு எங்கேயோ காலை நீட்டிக்கிட்டுத் தூண்டில் போட்டுட்டு இருந்தார்னா? மறுபடியும் எங்க பேருதான் எழுதுவீங்க. அந்த மனுசன் அதைத் தாங்க மாட்டாரு. நீ தினம் இதையே பாக்கறவ. நீ சொல்லு. பண்ணட்டுமா, இருக்கட்டுமா?"

க்வென் கரையைப் பார்த்தாள். மூன்று தடவை ஏமாந்து நான்காவது தடவையாக வந்து உட்கார்ந்திருக்கும் ஜனம். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ராக்கெட்டிலிருந்து வெள்ளை ஆவி கசிந்துகொண்டிருந்தது. அதன் அடிப்பக்கம் கன்னங்கரேல். இன்று தவறினால் ஒரு வாரம் தள்ளிப்போகும், காற்று மாறுகிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

"எல்லைக்கு வெளியே நின்னுட்டு, எல்லாம் முடிஞ்சதும் வரலாம்னு காத்திருப்பாருங்க. நிறைய பேர் அப்படித்தான் செய்வாங்க. பூஸ்டர் இறங்கி முடியட்டும். அப்பவும் வரலைன்னா நானே போன் பண்றேன்."

நிறைய பேர் அப்படிச் செய்வது நிஜம். டோரீனின் நல்லதுக்காகத்தான் சொல்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள்.

டோரீன் க்வெனின் நம்பரைத் தன் போனில் குறித்துக்கொண்டாள். "சரி. நீ சொன்னா சரி. வந்தா அவரு படகுத்துறைக்குத்தான் வருவாரு. நான் அங்க போய் நிக்கறேன்." யாரோ நீட்டிய அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, கிடங்குகளைச் சுற்றிக்கொண்டு போகும் பாதையில் நடந்தாள். அங்கிருந்து கடல் தெரியாது, வாய்க்கால் மட்டும்தான் தெரியும்.

"யாரது?" என்றான் லைல்.

"மீன் கடைக்காரம்மா."

"கடல் சுத்தமா?"

"எல்லைக்குள்ள யாரும் இல்ல," என்றாள் க்வென். அது உண்மை.

சூரியன் முதுகுப்பக்கம் இறங்கியதும் ராக்கெட் கிளம்பியது. கீழே இருட்ட ஆரம்பித்திருந்தாலும் உயரத்தில் இன்னும் வெயில் இருந்தது. புகை மேலே போகப் போக ரோஜா நிறமாகவும் பிறகு நீலமாகவும் விரிந்தது. பெரிய பெரிய ஆள்களெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். மினசோட்டாக்காரர் ஒருவர் அழுதார். லைல் கத்திக்கொண்டிருந்தான்: "போடா என் ராசா! போடா! கரிமூஞ்சி, முகத்தைக் கழுவிட்டு வாடா!"

அப்போது தென்கிழக்கே, கடலும் வானமும் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிவப்புப் பொறி தெரிந்து மறைந்தது.

"க்வென், அது என்ன? வலது ஓரத்துல? பாக்கறவங்க கேக்கறாங்க."

அவள் கேமராப் படத்தைப் பார்த்தாள். பொறி விழுந்து அணைவது மட்டும் கண்ணில் பட்டது. இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் சொல்வது அவளுக்குக் கைவந்த வேலை. மேலே போகும்போதும் வரும்போதும் பூஸ்டரிலிருந்து பனிக்கட்டி உதிரும், பூச்சு உதிரும், சில சமயம் எரிந்துகொண்டே விழும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"அது ஒண்ணும் இல்லைங்க, எரிஞ்சு விழற துணுக்கு," என்றாள் ஒலிவாங்கியில். "வயசானா எல்லாருக்கும் உதிரும். எனக்கு முடி உதிருது, கரிமூஞ்சிக்குப் பூச்சு உதிருது."

கரையே சிரித்தது. சில நிமிடங்கள் கழித்து இன்னொரு பொறி. இந்தத் தடவை கூட்டமே கைநீட்டிக் காட்டி, "உதிருது, உதிருது!" என்று கூவியது. மூன்றாவதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. பூஸ்டர் நெருப்பைக் கக்கிக்கொண்டு தலைக்குமேல் இறங்கும் நேரம் அது. அது ஒலியை முந்தி வருவதால் எழும் இரண்டு வெடிச்சத்தம் அடுத்தடுத்து நெஞ்சில் இடித்தது. புகை விலகியபோது கரிமூஞ்சி நிமிர்ந்து நின்றது. யார் யாரோ க்வெனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அவளுக்கு டோரீனின் நினைவு வந்தபோது போனில் செய்தி வந்து கிடந்தது: *வரல. காவல்படைக்கு நானே சொல்லிட்டேன்.*

மறுநாள் காலை வரை ஹார்லன் கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர் தெற்கே, அவன் எப்போதும் போகும் மீன் திட்டுகளுக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கருவி அணைந்திருந்ததால் காலைக்குப் பிறகு அவன் எங்கே இருந்தான் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. க்வென் பல் மருத்துவமனைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஏதாவது ஒரு மூலையில் அந்தப் படகு தலைகாட்டியிருக்கிறதா என்று முந்தின நாள் படத்தை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சிவப்புப் பொறி வந்தது. அவள் கடந்து போனாள். பிறகு நிறுத்தி, பின்னால் ஓட்டினாள். மெதுவாக்கினாள்.

பொறி கடல்மட்டத்திலிருந்து கிளம்பி மேலே ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. அப்புறம்தான் வளைந்து விழுந்தது.

உதிர்கிற பொருள் எதுவும் முதலில் மேலே ஏறாது. ஆபத்தில் மாட்டிக்கொண்ட படகிலிருந்து விடும் சிவப்பு வாணம்தான் ஏறும். அந்தக் கரையில் இருந்த அத்தனை பேருக்கும் உயரத்திலிருந்து விழுவதைப் பார்த்துத்தான் பழக்கம். அவர்கள் எல்லாரும் விழுந்ததை மட்டும்தான் பார்த்தார்கள்.

அவள் எழுந்து போய்க் குழாயடியில் நின்றாள். தண்ணீர் குடிக்கப் போனவள் குடிக்காமலே திரும்பி வந்து காவல்படைக்கு போன் செய்தாள். பிறகு லைலின் வீட்டுக்குப் போனாள்.

லைல் தூங்கவில்லை, ஆனால் உற்சாகமாக இருந்தான். "பாத்தீங்களா? அந்தத் துண்டைப் பாத்தவங்க மட்டும் ரெண்டு லட்சம் தாண்டிருச்சு!" பொறிகள் வரும் இடத்தை மட்டும் வெட்டி, 'கரிமூஞ்சி கண்ணீர் விடுகிறான்' என்று தலைப்புப் போட்டுத் தனியாக வெளியிட்டிருந்தான். சோகமான பியானோவும் சேர்த்திருந்தான்.

"மேல ஏறுது லைல்."

"எது?"

"கண்ணீர்."

அவன் பார்த்தான். இரண்டாவது தடவை பார்த்தான். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"காவல்படைக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். திசை மட்டும்தான் கொடுக்க முடிஞ்சது. ஒரு கேமராவை வச்சுத் தூரம் தெரியாது. இன்னொரு கரையில இருந்து எடுத்தது கிடைச்சா ரெண்டு கோடும் வெட்டற இடம்தான் அவர் இருந்த இடம். நேரலையைப் போடு, கேப்போம்."

"நேரலையிலயா? தெரிஞ்சவங்க நாலு பேருக்குத் தனியா மெயில் போடலாம் க்வென்."

"யாருகிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அந்தப் பக்கமாக் கேமரா வச்சவன் யாரோ. அவனுக்கே தன்கிட்ட இருக்குன்னு தெரியாது."

"என்னன்னு சொல்லிக் கேப்பீங்க? துணுக்குன்னு சொன்னது நீங்க. உதிருதுன்னு கத்தினது நாம எல்லாரும். உயிரோட தின்னுடுவாங்க."

"தின்னட்டும். அந்த மனுசன் இப்ப தண்ணியில கெடக்கறான்டா. பட்டனை அமுக்கு."

அவன் அமுக்கினான். தான் மட்டும் கேமராவுக்கு வெளியே தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

க்வென் சுருக்கமாகச் சொன்னாள். நேற்று நான் துணுக்கு என்று சொன்னது துணுக்கு இல்லை. ஹார்லன் ப்ரூயிட் என்ற படகுக்காரர் உதவி கேட்டு விட்ட வாணம். அவர் மனைவி முன்னாலேயே என்னிடம் வந்து கேட்டார். காத்திருக்கும்படி நான்தான் சொன்னேன். தென்கிழக்கு அடிவானம் ஒரு ஓரத்திலாவது விழுந்திருக்கும் படம் யாரிடம் இருந்தாலும் அனுப்புங்கள்.

வசவு வரும் வேகத்திலேயே படங்களும் வந்தன. அந்தக் கூட்டத்தைப் பற்றி எது சொன்னாலும் இதையும் சொல்ல வேண்டும்: வேலை என்று கொடுத்துவிட்டால் பிசாசு மாதிரி செய்வார்கள். கோகோ பீச் ஹோட்டல் பால்கனியிலிருந்து ஒன்று, தெற்கே மெல்போர்ன் கரையிலிருந்து ஒன்று, துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய உல்லாசக் கப்பலின் மேல்தளத்திலிருந்து ஒரு கல்யாண ஜோடி எடுத்தது ஒன்று. நட்சத்திரங்களை வைத்துக் கேமராவின் திசையைக் கணக்கிட ஒஹையோக்காரர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. மதியத்துக்குள் நான்கு கோடுகள் ஒரே இடத்தில் வெட்டின. மூடிய பரப்புக்கு வெளியே, நன்றாகவே வெளியே. ஹார்லன் தன் சொல்லைக் காப்பாற்றியிருந்தான், எல்லைக்கோட்டுப் பக்கமே போகவில்லை. அதனால்தான் எல்லையைக் காத்தவர்களின் கண்ணிலும் அவன் படவில்லை.

அனுப்பியவர்களில் ஒருவர், மேகம் நிறம் மாறுவதை எடுக்க அந்த அடிவானத்தை நோக்கியே ஒரு கேமராவை ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே ஓடவிட்டிருந்தார். க்வென் அதை முழுக்கப் பார்த்தாள். ராக்கெட் கிளம்பும்வரை அதில் ஒன்றுமே இல்லை. படகு நின்றுபோய், மின்சாரம் செத்து, ரேடியோவும் ஊமையாகி, மத்தியானத்திலிருந்து அந்த ஆள் அங்கேதான் கிடந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஒரு வாணத்தைக்கூட அவன் விடவில்லை. முதல் வாணம் ராக்கெட்டின் நெருப்பு தெரிந்த பிறகுதான் ஏறியிருந்தது.

அவளுக்குப் புரிந்தது. யாரிடமும் அவள் சொல்லவில்லை.

வளைகுடா நீரோட்டம் எல்லாவற்றையும் வடக்கே இழுக்கும். ஹெலிகாப்டர் கோடுகள் வெட்டிய இடத்திலிருந்து வடக்கே தேடிப்போய், சாயங்காலம் படகைக் கண்டுபிடித்தது. கவிழ்ந்து, அடிப்பாகம் மட்டும் தண்ணீருக்கு மேல். ஹார்லன் இல்லை. அடுத்த நாள் ஒரு இறால் படகில் வந்தவர்கள் அவனை எடுத்தார்கள். மிதவைச் சட்டையோடு இருந்தான். மூழ்கிச் சாகவில்லை, குளிர்தான் கொன்றது என்றார்கள். விடிகிறவரை, விடிந்தும்கூடக் கொஞ்ச நேரம், உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள்.

லைல் 'கண்ணீர்' படத்தை எடுத்துவிட்டான். அதற்குள் வேறு யார் யாரோ நகலெடுத்துப் போட்டிருந்தார்கள். நங்கூரத்தை எங்கே கொண்டுபோனான் என்று க்வென் கேட்கவில்லை. பார்க்கிறவர்கள் டோரீனுக்காகப் பணம் திரட்டினார்கள். அதே ஆள்கள் க்வெனின் பல் மருத்துவமனைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். மருத்துவர் போன் எடுக்கும் வேலையை வேறு பெண்ணிடம் கொடுத்தார்.

அடக்கம் முடிந்த வாரத்தில் ஒரு காலையில் டோரீன் அங்கே வந்தாள். பல்வலிக்காரர்கள் இரண்டு பேர் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வரவேற்பு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள், அன்றைக்கு மாதிரியே.

"அந்தப் படம் உன்கிட்ட இருக்குதா?"

"டோரீன், நான்..."

"மன்னிப்புக் கேக்காத கண்ணு. கேட்டுட்டேன்னா நான் ஏதாவது பதில் சொல்லணும். படத்தைப் போடு."

க்வென் போனை எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு நீட்டினாள்.

"சத்தத்தோட."

சத்தம் வந்தது. லைலின் கத்தல், கூட்டத்தின் ஆரவாரம். சிவப்புப் பொறி. பிறகு க்வெனின் குரல், தெளிவாக, சிரிப்பு கலந்து: *வயசானா எல்லாருக்கும் உதிரும்.* பத்திரிகை புரட்டியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டோரீனின் முகம் மாறவில்லை. கடைசி வரைக்கும் பார்த்தாள். மூன்றாவது வாணம் ஏறும்போது மட்டும் அவள் உதடு லேசாக அசைந்தது, எண்ணுவது மாதிரி.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வைத்தாள். கட்டைவிரல் பருமன், சிவப்பு உறை. வாணத் துப்பாக்கியின் தோட்டா.

"பெட்டியில நாலு இருக்கும். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இது அவரு சட்டைக்குள்ள இருந்துச்சு, பிளாஸ்டிக்குல சுத்தி, நனையாம."

க்வென் அதைத் தொடவில்லை.

"மூணு விட்டாரு. நாலாவதை ஏன் விடலைன்னு காவல்படையில கேட்டாங்க. கை மரத்துப் போயிருக்கும்னு சொன்னாங்க. எனக்குத் தெரியும், அது இல்ல." டோரீன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பாத்துட்டாங்கன்னு நினைச்சிருக்காரு. தேடி வர்றவங்களுக்கு இருட்டுல வழி காட்ட ஒண்ணு வேணுமில்ல, அதுக்கு எடுத்து வச்சிருக்காரு."

உள்ளேயிருந்து பல் ராவும் கருவியின் சத்தம் கேட்டு நின்றது.

"அன்னிக்கு எத்தனை பேரு பாத்தாங்க?"

"கரையில ஒரு நாலாயிரம் பேர் இருப்பாங்க. நேரலையில..." க்வென் போனைக் கவிழ்த்து வைத்தாள். "நாப்பதாயிரத்துக்கு மேல."

டோரீன் தலையை ஆட்டினாள். தோட்டாவை எடுத்துப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள்.

"அப்ப அவரு போட்ட கணக்கு சரிதான்," என்றாள். "அந்த நேரத்துக்கு விட்டா ஊரே பாக்கும்னு."

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.